அசல் காரைக்குடியில் இருக்கிறது

எங்கள் ஊரில் பழம்பொருள் சேர்ப்பவர்களின் வீட்டுக்கு ஆண்டுக்கொரு முறை மதிப்பீட்டாளர் வருவார். வீட்டிலுள்ள மனிதர்களையும் சேர்த்தே பார்த்துவிட்டுப் போவார். இந்த முறை வந்த அற்புதமேரி என் கிராமபோனை அசல் என்றார். ரயில்வே விளக்குகளையும் பித்தளைப் பூட்டுகளையும் அசல் என்றார். கடைசியில் என் முதுகை விரலால் தட்டிக் கேட்டுவிட்டு, "சார் மட்டும் நகல்" என்றார்.

நான் குடிநீர்த் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். போலி விளக்கைத் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவேன். என்னிடமே இப்படி ஒரு பேச்சு.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"சத்தம் சரியா இல்லை சார். நல்ல வேலைப்பாடுதான். ஆனா பின்னாடி செஞ்சது. அசல் காரைக்குடியில ஒரு கடையில இருக்கு."

நகலை அசல்களோடு ஒரே கூரையின் கீழ் வைப்பதில்லை. என் மனைவி சௌந்தரம் என் பாயைக் கார் ஷெட்டில் விரித்தாள்.

"நீயுமா?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. பூட்டெல்லாம் சங்கடப்படுது."

காலையில் முதல் பஸ்ஸில் காரைக்குடி போனேன். செதுக்கிய கதவுகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே, தேக்கு நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். என் மூக்கு, என் நெற்றி. காது மட்டும் ஓரத்தில் சற்று உடைந்திருந்தது. கழுத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்ற அட்டை தொங்கியது.

"என் வாழ்க்கையை எடுத்துக்கிட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கியா?" என்று கேட்டேன்.

"காலேஜ் முடிச்ச மறுநாள் என்னை இங்க கொண்டுவந்து வச்சாங்க. அதுக்கப்புறம் நான் எழுந்ததே இல்லை" என்றான். "செங்குளம் தண்ணித்தொட்டியை யார் கட்டினது?"

"நான்."

"ஒழுகுதா?"

"ஒரு சொட்டு கிடையாது."

"சௌந்தரத்தைக் கட்டிக்கிட்டது?"

"நான்தான்."

"பின்னே எதுக்கய்யா என்கிட்ட வந்து கத்துறே?"

பிறகு அவனே, செங்குளத்தில் முதல்முதலாகத் தண்ணீர் வந்தபோது ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, குடங்களை அப்படியே விட்டுவிட்டுக் குழாயடியில் நனைந்துகொண்டு நின்றார்கள் என்றேன். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன்.

அவன் தோளெல்லாம் தூசி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டு, ஒரு பொறியாளரை வைத்திருக்கும் லட்சணம் இதுதானா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கைக்குட்டையால் நானே துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து, ஷெட்டிலிருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். கூடத்தின் நடுவில் விரித்தேன். பூட்டுகள் வாய் திறக்கவில்லை.

சௌந்தரம் சமையலறையில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

"நாயக்கர் காலத்து வெண்கலம்னா மழை நாள்ல இப்படித்தான்" என்றாள்.

நான் கொஞ்சம் புளியை ஊறவைத்தேன்.