அறுபதுக்குக் கீழே

மீட்டரைப் படிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு எந்த நாளில் வந்தது என்று தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை, படகின் பின்கதவருகே காலணியைக் கழற்றினேன். காலுறையும் ஈரமாயிருந்ததால் அதையும் கழற்றினேன். அறுபத்தாறு வயது ஆசாமி ஒருவன் வெறுங்காலோடு, கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, சொந்தப் படகுக்குள்ளேயே திருடனைப் போல நுழைந்து அலமாரிமேல் எட்டிப் பார்த்தான். ஐம்பத்தெட்டு. வெளியே ஓடிவந்த பிறகுதான் மூச்சை ஒரு கூச்சலாக விட்டேன். கால்வாய் முழுக்க ஐஸ் மூடியிருந்தது. என் கூச்சலில் பயந்த வாத்து ஒன்று அதன்மேல் வழுக்கிக்கொண்டே எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐம்பத்தெட்டு என்பது படகுக்குள் இருக்கும் காற்றின் ஈரம், நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. அது அறுபதுக்குக் கீழே இறங்கினால் என் மனைவி கிளெனிஸ் திரும்பி வருவாள். எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான். நெஞ்சுச் சளி மருத்துவமனையின் நர்ஸ் அவளிடம் சொன்ன எண் அது. அக்டோபரில் அந்த மீட்டரைத் தபாலில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு சீட்டு: "அறுபதுக்குக் கீழ வந்ததும் சொல்லு. பொய் சொன்னா எனக்குத் தெரியும்." முத்தம் என்று அர்த்தப்படும் பெருக்கல் குறி ஒன்றை அடியில் போட்டு, பிறகு அதை அடித்திருந்தாள். அடித்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் போனதற்குக் காரணம் குளிர் இல்லை. நான்தான். நாங்கள் குடியிருக்கும் இந்தக் கால்வாய்ப் படகு ஐம்பத்தேழு அடி நீளம், ஏழடி அகலம். ஒரு இரும்புப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கும் உள்பலகைக்கும் நடுவில் தெர்மாகோல் தகடுகள் இருக்கின்றன, அல்லது ஒரு காலத்தில் இருந்தன. கூரையில் காளான் குடை போலப் பித்தளை மூடி போட்ட காற்றுத் துளைகள் ஆறு. போன வருஷம் ஜனவரியில் கிளெனிஸ், "காதுக்குள்ள காத்து ஊதுது" என்றாள். நான் அன்புள்ள கணவன். என் கம்பளிக் காலுறைகளை எடுத்து ஆறு துளைகளையும் அடைத்தேன். படகில் குடியேறுகிறவர்கள் எல்லாரும் முதல் குளிர்காலத்தில் செய்யும் தப்பு இது. நான் ஒன்பதாவது குளிர்காலத்தில் செய்தேன். அடுப்பின் விஷவாயு எங்களைக் கொல்லாமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் வெளியே போக வழியில்லாத ஈரம் எங்கே போகும்? கூரையில் துளித்து, ஜன்னல் சட்டத்தில் ஓடி, மெத்தைக்கு அடியில் கறுப்புப் பூஞ்சையாய்ப் பூத்தது. தினமும் விடிகிற நேரத்தில் அவள் தலையணையில் சரியாக ஒரே இடத்தில் சொட்டியது. நான் அதை வைத்து ஜோக்கடித்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் ஆம்புலன்ஸ்காரர்கள் மூச்சுத் திணறிய அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கரையோரப் பாதையில் தூக்கிக்கொண்டு போனபோதும் ஒரு ஜோக் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நல்லவேளையாக மறந்துவிட்டது.

பிறகு அவள் குரூ நகரில் இருக்கும் தங்கை நெஸ்டாவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். எனக்கும் அங்கே இடம் உண்டா என்று கேட்டால், ஒற்றைக் கட்டில் போட்ட சின்ன அறை ஒன்றுதான் அது. தவிர நெஸ்டாவுக்கு என்னைப் பிடிக்காது. அவளுக்கு எல்லாவற்றிலும் நல்ல ரசனை. இருந்த வீட்டை விற்றுத்தான் படகு வாங்கியிருந்தோம். கோடையில் கிளெனிஸ் வந்தாள். மூன்று மாதம் சிரித்துக்கொண்டு இருந்தாள். அக்டோபரில் ஒரு காலை, ஜன்னல் கண்ணாடியில் முதல் வேர்வையைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை எடுத்துவைத்தாள்.

அதற்குப் பின் நான் செய்யாதது எதுவுமில்லை. காலுறைகளைப் பிடுங்கி ஆறு துளைகளையும் திறந்தேன். ஜன்னல்களுக்கு உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி, மேளத்தோல் மாதிரி விறைக்கவைத்தேன். வட்ட ஜன்னல்களுக்குத் திண்டு தைத்தேன்; தையல் சரியில்லாததால் அவை அழுகிற முகங்கள் போல இருந்தன. மெத்தைக்கு அடியில் காற்று ஓடக் கட்டை அடித்தேன். பக்கத்துப் பண்ணைக்காரன் சும்மா கொடுத்தான் என்று செம்மறி ரோமம் மூன்று மூட்டை வாங்கிப் பலகை இடுக்கிலெல்லாம் திணித்தேன். அதன்பின் ஒரு மாதம், மழை நாட்களில், ஒரு மந்தையோடு குடித்தனம் நடத்துவது போலிருந்தது. அடுப்பை அணையவே விடவில்லை. கரிப்படகுக்காரர் வரும்போதெல்லாம் கூரையில் நாலு மூட்டை ஏற்றிக்கொண்டேன். இத்தனைக்குப் பிறகும் மீட்டர் எழுபத்தொன்பதில் ஆணி அடித்தாற்போல நின்றது.

காரணத்தைச் சொன்னவர் டெஸ்மண்ட். எனக்கு முன்னால் கட்டியிருக்கும் பச்சைப் படகுக்காரர், நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவர். அவருடைய படகுக்குள் எப்போதும் மழைக்காடு போல ஒழுகும். அவர் பாட்டுக்கு அதில் சூப் கொதிக்கவைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பார்.

"படகுல ஒரு ஓட்டையும் இல்லப்பா," என்றார், என் அடுப்புக்கு முன்னால் கால் நீட்டி. "ஒழுகறது நீதான்."

"நானா?"

"ராத்திரி பூரா நீ விடற மூச்சு, வேர்வை எல்லாம் சேந்தா அரை லிட்டர் தண்ணி. அப்பறம் உன் டீ, உன் உருளைக்கிழங்கு, அந்தக் கம்பில தொங்குதே உன் ஜட்டி. இதெல்லாம் எங்க போகும்னு நெனச்ச? சொர்க்கத்துக்கா?"

"அப்போ என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

"செத்துப்போ. நல்லா காஞ்சிரும்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கோ அன்று முழுக்க அதே யோசனை. சாவது கொஞ்சம் அதிகம். ஆனால் இல்லாமல் இருக்கலாம் அல்லவா? திங்களன்று பைஜாமாவும் வெந்நீர்ப் பையும் எடுத்துக்கொண்டு டெஸ்மண்டின் சோபாவுக்குக் குடிபோனேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "குறட்ட விடுவியா?" என்று மட்டும் கேட்டார். தினமும் காலையில் என் படகுக்குப் போவேன். அடுப்பில் கரி போடுவேன், காற்றுத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பேன், மூச்சை அடக்கிக்கொண்டு மீட்டரைப் பார்ப்பேன், வெளியே வந்துவிடுவேன். டீ டெஸ்மண்டிடம். சாப்பாடு பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடையில், காகிதத்தில் சுற்றிய இறைச்சி ரொட்டி. எழுபத்தொன்று. அறுபத்தாறு. அறுபத்தொன்று. வெள்ளிக்கிழமை ஐம்பத்தெட்டு.

பாலத்தின்மேல் ஏறி நின்று போன் செய்தேன்.

"அம்பத்தெட்டு," என்றேன்.

அந்தப் பக்கம் நெஸ்டாவின் டி.வி. மட்டும் கேட்டது.

"நெஜமாவா?"

"கண்ணு, நான் மத்த விஷயத்துல எல்லாம் அயோக்கியன்தான். இதுல இல்ல."

"நாளைக்கு வரேன்," என்றாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு பத்து பஸ்ஸில் வந்தாள். அவள் இறங்குவதற்கு முன்னால் பெட்டி இறங்கியது. ஒருநாள் தங்கிப்போகும் சின்னப் பை இல்லை. இரண்டு கைப்பூட்டு வைத்த பெரிய பழுப்புப் பெட்டி, அக்டோபரில் போன அதே பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு உறைந்த பாதையில் அவளுக்கு முன்னால் நடந்தபோது, நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை என்பதைக் கவனித்து அவளே, "ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

உள்ளே வந்து கோட்டைக் கழற்றாமலே சோதனை போட்டாள். மெத்தையைத் தூக்கி அடியில் கையை ஓட்டினாள். ஜன்னல் சட்டத்தில் விரல் வைத்தாள். அலமாரிக் கதவைத் திறந்து மூக்கை நுழைத்தாள்.

"என்னமோ ஆட்டு வாசம் வருது, ஹோவர்ட்."

"உன் ஊர் ஞாபகம் வரட்டுமேன்னுதான்."

வேல்ஸ்காரர்களையும் ஆடுகளையும் சேர்த்து நான் முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிவரும் ஜோக்குகளில் அது சுமாரானது. அதற்கும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு படகின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு தடவை போய்வந்தது போல எனக்குத் தோன்றியது. கூரைப் பலகைகூட அதைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. கெட்டிலை அடுப்பில் வைத்தேன். அவள் தொட்டியோரம் கிடந்த பாத்திரத் துணியை எடுத்துப் பார்த்தாள். அது அட்டை மாதிரி விறைத்து நின்றது.

"இவ்ளோ காஞ்சு போயிருக்கு," என்றாள் ஆச்சரியமாக.

கெட்டில் பாட ஆரம்பித்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அலமாரிமேல் இருந்த மீட்டரைப் பார்த்தேன். அறுபத்தொன்று.

அப்போதுதான் பக்கப் பலகையில் தட்டும் சத்தம். டெஸ்மண்ட். ஒரு கையில் என் பைஜாமா, மடித்து; மறு கையில் வெந்நீர்ப் பை.

"இதெல்லாம் என்கிட்டயே கெடக்குப்பா. ராத்திரி வருவியா மாட்டியான்னு..." என்று தொடங்கியவர் உள்ளே கிளெனிஸைப் பார்த்தார். "அட, மகாராணி! முன்னவிட அழகாயிட்டம்மா. நான் போறேன், சூப் பொங்கிரும்." அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஐஸ் படிந்த கரைப் பாதையில் அத்தனை வேகமாகப் போவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கிளெனிஸ் பைஜாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தொவைக்கக் குடுத்திருந்தேன்," என்றேன்.

"டெஸ் எப்போலேர்ந்து சலவக்காரர் ஆனாரு?"

"குழாய் வேலைல ஓய்வு குடுத்ததும். தண்ணிய விட மனசில்லையாம்."

அவள் உதட்டை மடித்துக்கொண்டாள். நம்பினாளா, நம்ப விரும்பினாளா தெரியாது. ஒரு பொய்யை இவ்வளவு சுலபமாகக் கடந்துவந்தது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அவள் பெட்டியைப் படுக்கைமேல் வைத்து, கோட்டின் மேல் பொத்தானை அவிழ்த்தாள். ஒரு கைப்பூட்டு 'டக்' என்று திறந்தது. டீயின் ஆவி, எங்கள் இரண்டு பேர் பேச்சு, அவள் கோட்டில் ஒட்டியிருந்த பனி எல்லாம் சேர்ந்து, படுக்கைக்கு மேலே இருந்த ஜன்னலின் ஒரு ஓரம் மெல்ல வெளுத்தது. அறுபத்தாறு. நான் வாயை மூடிக்கொண்டால் போதும். இன்னொரு பூட்டு. சட்டைகள் அலமாரிக்குப் போய்விடும். ஒரு வாரம் ஆகும், பத்து நாள் ஆகும், அதற்குள் வசந்தம் வந்துவிடாதா? ஜனவரி பாதியில் நின்றுகொண்டு வசந்தத்தைப் பத்து நாளில் வரவழைத்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

அவள் இருமினாள். பெரிய இருமல் இல்லை. தொண்டையைச் செருமுவதுபோல இரண்டே தடவை.

"கிளெனிஸ், பெட்டிய மூடு."

"என்னது?"

"அஞ்சு நாளா நான் இங்க இல்ல. டெஸ்கிட்ட தூங்குனேன். இங்க சமைக்கல, குளிக்கல, ஒண்ணுமே பண்ணல. அதான் எறங்குச்சு. நான் இருந்தா எழுவத்தொம்போது. நீயும் வந்தேன்னா..." மீட்டரைக் காட்டினேன். அதற்கு என்னைவிட நேர்மை அதிகம், அறுபத்தெட்டு ஆகியிருந்தது. "படகு காயல கண்ணு. நான் காலி பண்ணேன், அவ்ளோதான்."

அவள் திறந்த பூட்டின்மேல் கட்டைவிரலை வைத்தபடி நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டுக்குப் பதில் சொல்ல என்னிடம் நாலு ஜோக் தயாராக இருந்தது. அவள் திட்டவில்லை.

"நெஸ்டா வீட்ல எவ்ளோ தெரியுமா?" என்றாள். "நாப்பத்தெட்டு. வருஷம் பூரா. உதடு வெடிக்குது. நர்ஸுக்கு ரொம்ப சந்தோஷம்." பிறகு, "அங்க எனக்குத் தூக்கமே வரல ஹோவர்ட். எதுவும் ஆடல. ஒரு படகு போனா நாம கொஞ்சம் ஆடுவோமே, அது இல்ல. ராத்திரில எழுந்து கட்டில நானே ஆட்டிப் பாத்தேன். பைத்தியம்னு நெனச்சுட்டா நெஸ்டா."

தயாராயிருந்த நாலு ஜோக்கும் எங்கேயோ போய்விட்டிருந்தன.

"இருந்துக்கறேன்னு சொன்னா என்ன சொல்லுவ?"

"வேணாம்பேன்."

"வேணாமா?"

"வேணாம்பேன். சொல்லிட்டு ஒன் பெட்டிமேல ஏறி ஒக்காந்துக்குவேன்."

அவள் ஜன்னல் ஓரத்து வெளுப்பை ஒருமுறை பார்த்தாள். பின்கதவையும் முன்கதவையும் அகலத் திறந்துவிட்டாள். ஐந்து நாள் கரியில் சேர்த்துவைத்த சூடு எல்லாம் ஒரே மூச்சில் வெளியே போனது. அந்தக் கொஞ்ச நேரம் செஷையர் மாவட்டம் முழுவதற்கும் நான்தான் கணப்பு போட்டுக்கொண்டிருந்தேன். பின்தளத்தில் இரண்டு முக்காலி. டீக் கோப்பைகளோடு வெளியே வந்து, அவள் கோட்டோடும் நான் டெஸ்மண்டின் பழைய கம்பளியோடும் உட்கார்ந்தோம். பெட்டி உள்ளே படுக்கைமேல் ஒரு பூட்டு திறந்தபடியே இருந்தது.

"டெஸ்ஸோட சோபா எப்படி?"

"நடுவுல பள்ளம். அவரு முப்பது வருஷமா தோண்டி வெச்சிருக்காரு."

"கொறட்ட விட்டியா?"

"அவரு நல்லா தூங்கினதா சொன்னாரு. காது கேக்காதுன்னும் சொன்னாரு."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பனிக்கட்டிக்கு அடியில் எங்கோ தண்ணீர் லேசாக முனகியது. டீ ஆறிவிட்டிருந்தும் அவள் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. முழங்கை என் முழங்கையில் பட்டபடி இருந்தது. நான் நகரவில்லை. நகர்ந்தால் ஏதோ கலைந்துவிடும் என்று பட்டது.

"மூணு நாப்பது பஸ் நேரத்துக்கு வருமா?" என்றாள்.

"வரும். அதுக்கப்பறம் அஞ்சு நாப்பதுக்கு ஒண்ணு."

அவள் "ம்" என்றாள்.

இலை உதிர்ந்த வேலிச் செடிகளுக்கு நடுவே மூன்று நாற்பது பஸ் பாலத்தின்மேல் வந்து நின்றது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஓட்டுநர் எங்களைப் பார்த்திருக்க வேண்டும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். சனிக்கிழமைக் கூட்டம், உள்ளே ஆட்கள் நிறைய. ஜன்னல்கள் எல்லாம் உள்ளிருந்து வேர்த்து வெள்ளையாய் மூடியிருந்தன. யாரோ ஒருவர் கோட்டுக் கையால் துடைத்து ஒரு வட்டம் உண்டாக்கி, அதன் வழியே கீழே பார்த்தார்: ஜனவரியில் இரண்டு கதவையும் திறந்துபோட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் இரண்டு கிழங்களை. கிளெனிஸ் எழுந்திருக்கவில்லை. கை அசைக்கவுமில்லை. கதவு மூடிக்கொண்டது. பஸ் பாலத்தின் வளைவைத் தாண்டுவதற்குள் அந்த வட்டமும் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.