கருணை மார்க்

"உள்ளே போய் ஒத்துக்கிட்டு மட்டும் நிக்காதீங்க மாமா. சண்டை போடுங்க," என்று மகள் படியேறும்போதே மறுபடியும் சொன்னாள்.

தாய்மாமன் பின்னால் ஏறிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்களை ஏற்றி இறக்குகிறவர், அக்கா வீட்டு இரண்டு மாடிக்கு மூச்சு வாங்கி நின்றார். வேலை நடுவிலேயே அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் அப்படியே இருந்தது, விரலெல்லாம் கிரீஸ். "இனி வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அப்பாவை அனுப்பிய நாளிலிருந்து மனிதர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன் செய்தால் கேபிள் மாத்தறோம், ஆபீசர் வர்றாரு என்று ஏதாவது ஒரு சாக்கு.

"அந்த உடம்புகிட்டப் போய் என்னத்தைம்மா சண்டை போடறது?"

"வர்றவங்க எல்லாம் தலையாட்டிட்டுப் போறாங்க மாமா. காலையில பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட அப்பா வேணும்னே ஏழெட்டு அம்பத்திநாலுன்னு சொன்னாரு. அவரும் ஆமா சார், ஆமா சார்ங்கறாரு. அவர் போனதும் என்னைப் பாத்து, 'பாத்தியா, நான் செத்தாச்சு'ங்கறாரு. கணக்கு வாத்தியார்கிட்டயே இப்படின்னா எப்படி?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அது அழுகையாக மாறப் பார்த்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் விழுங்கினார்.

அப்பாவும் மாமாவும் போடும் அந்தச் சண்டை எதைப் பற்றி என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஜாஸ் கிடார் வாசித்தவர்களில் யார் ஒண்ணாம் நம்பர்? அவ்வளவுதான். கிடாரில் ஒரு கம்பியை முறுக்கக்கூட இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் அக்காவைக் கட்டிக்கொடுத்த வருஷம் தொடங்கிய சண்டை, அவள் மகளுக்கே காதோரம் நரை விழுந்த பிறகும் தீர்ந்தபாடில்லை. வாசித்தவர்களின் பெயர்கள் அம்மாவின் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் வீட்டுப் பெயர் இருந்தது. அப்பாவின் ஆள் ரெண்டு விரல்காரர். தீயில் இடது கை வெந்து, மிச்சமிருந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டே, பத்து விரல் உள்ளவன் பொறாமைப்படும்படி ஓடியவர். மாமாவின் ஆள் கட்டைவிரல்காரர். மற்றவர்கள் விரலிடுக்கில் பிடித்த சின்ன வில்லையால் மீட்டுகிற கம்பியை வெறும் கட்டைவிரலால் தடவி, தேனைக் காய்ச்சின மாதிரி ஒரு சத்தம் எடுத்தவர். மூன்றாம் இடத்தில் மட்டும் தகராறு இல்லை. அது இருபத்தஞ்சுக்காரர். அந்த வயதிலேயே செத்துப்போனார், பாவம்.

அப்பா எதற்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார். வேகத்துக்கு இவ்வளவு, கற்பனைக்கு இவ்வளவு. மாமாவின் கணக்கு வேறு. "லிஃப்ட் எவ்வளவு வேகமா ஏறுதுங்கறது பெரிசில்ல அத்தான். தரையோட தரையா நிக்குதா? உங்காளு ஓடறாரு, ஓடறாரு, அரையடி மேல போய் நிக்கறாரு. என் ஆளு நிக்கற இடத்துல ஒரு கிழவி கண்ணை மூடிட்டு இறங்கலாம்." இதற்கு அப்பா பதில் வைத்திருப்பார், அந்தப் பதிலுக்கு மாமா பதில் வைத்திருப்பார். ஒரு தடவை மாமா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு, கோபத்தில் அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் செருப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். மகளுக்கு அந்த இரண்டு பேரையும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய விரலுக்காக இத்தனை அக்கறையாக, இத்தனை நேர்மையாக மல்லுக்கு நிற்க வேறு யாரால் முடியும் என்று நினைத்துக்கொள்வாள். வெளிக்கு எந்தப் பக்கமும் சேரமாட்டாள்.

மாமாவிடம் ஓர் அஸ்திரம் இருந்தது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் மட்டும் எடுப்பார். "கை வெந்தவராச்சேன்னு உங்காளுக்குக் கருணை மார்க் போடறீங்க அத்தான்!" அப்பாவுக்குக் காது சிவந்துவிடும். வேலை பார்த்த காலமெல்லாம் ஒருவனுக்கும் கருணை மார்க் போடாதவர் அவர். முப்பத்துநாலு வாங்கினவனுக்கு ஒன்றைச் சேர்த்தால் என்ன என்று ஹெட்மாஸ்டரே கெஞ்சியும் போடவில்லை. "போட்டுட்டா அப்புறம் அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? உன்னால முடியாதுடான்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?" என்பார். லீவு முழுக்க அவனை வீட்டுக்கு வரச்சொல்லிக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்.

கூடத்தில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தது. அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"வாங்க மாப்ளே. வழி மறந்து போச்சோன்னு நினைச்சேன்."

மாமா கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் ஒட்டியது. இருவரும் கவனிக்கவில்லை.

"நேத்து உன் கட்டைவிரலைக் கேட்டேன்," என்றார் அப்பா. குரல் காற்றாக வந்தது, ஆனால் கண்ணில் பழைய விஷமம். "எவ்வளவு தாராளமாத் திருத்தினாலும் எழுபத்தெட்டுதான் வருது. என்ன சொல்றே?"

மகள் கதவருகே நின்றாள். மாமா, விடாதீங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மாமா அந்த மணிக்கட்டைப் பார்த்தார். வாட்ச் கட்டினால் நழுவி விழும் மணிக்கட்டு.

"நீங்க சொன்னா சரிதான் அத்தான். உங்காளுதான் ஒண்ணு. இத்தனை நாளா நான் வீம்புக்குப் பேசிட்டிருந்தேன்."

சமையலறையில் அம்மா டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. அப்பா மெல்லத் தன் கையை உருவிக்கொண்டார்.

"கருணை மார்க் போடறியா மாப்ளே?"

"ஐயோ, இல்ல அத்தான்..."

"அவ்வளவு மோசமாயிட்டேனா நான்?"

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து இரண்டு கையாலும் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

மகளுக்கு வந்த கோபத்தில் அவரைப் படியிலிருந்து உருட்டிவிடலாம் போலிருந்தது. அப்பா இன்றோ நாளையோ போய்விடுவார். அது அவளுக்குத் தெரியும், தினமும் அதை முழுங்கித்தான் எழுந்திருக்கிறாள். ஆனால் இப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு போகக் கூடாது. எல்லாரும் சேர்ந்து பாஸ் போட்டு அனுப்பிவிட்ட பையன் மாதிரி போகக் கூடாது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே கட்டிலருகே வந்தாள்.

"ரெண்டு பேருமே தப்பு," என்றாள் சத்தமாக. "ஒண்ணாம் நம்பர் இருபத்தஞ்சுக்காரர்தான்."

மாமா வாயைப் பிளந்தார். பிறகு தலையணை அசைந்தது.

"யாரு?" என்றார் அப்பா.

"இருபத்தஞ்சுக்காரர். எனக்கு எப்பவுமே அவர்தான். உங்க கூச்சல்ல என்னை யார் கேட்டீங்க?"

ஒரு பேச்சுக்குச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

"ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று மாமா பாய்ந்தார். "அவர் மூணு! அதுல எனக்கும் அத்தானுக்கும் அபிப்பிராய பேதமே கிடையாது!"

"கிடையவே கிடையாது," என்று அப்பா முழுசாகத் திரும்பினார். "அவன் பேப்பரையே முடிக்கலையே. பாதியில எழுந்து போனவனுக்கு எப்படி முதல் மார்க்?"

"எழுதின வரைக்கும் திருத்துங்கப்பா. அதுல ஒரு தப்புக் காட்டுங்க பாக்கலாம்."

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். புருவம் சுருங்கி, உதட்டுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தார்.

"தப்பு இல்லதான்," என்றார் கடைசியில். "சரி, ரெண்டரைன்னு வச்சுக்கலாம்."

"அப்ப ரெண்டு யாரு?" என்றார் மாமா.

"உன் ஆளு. நீதான் இப்ப எழுதிக் கொடுத்துட்டியே."

"எழுதிக் கொடுத்தேனா? நானா? நல்லாயிருக்கே நியாயம்! என் ஆளு ரெண்டுன்னா, உங்காளு அடுத்த தெருவுல போய் நிக்கணும். அரையடி மேல நிக்கறவரு அவரு!"

"அப்படி வா வழிக்கு," என்றார் அப்பா. பல் தெரியச் சிரித்தார்.

"மெதுவாப் பேசுங்க, கீழ் வீட்டுக்காரங்க வந்து நிக்கப் போறாங்க," என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அதில் கோபம் இல்லை.

அவ்வளவுதான், மாமாவைப் பிடிக்க முடியவில்லை. சண்டை என்று வந்துவிட்டால் அவருக்கு உட்கார வராது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார், தரையைப் பார்த்தபடி, ஸ்க்ரூ டிரைவரை நீட்டி நீட்டி. அப்பா நடு நடுவே ஒரு சொல், இரண்டு சொல் போட்டார். ஒவ்வொன்றும் மாமாவை இன்னும் கிளப்பிவிட்டது. "ஆதாரம்?" என்றார் அப்பா. மாமா தன் போனில் கட்டைவிரல்காரரைத் தட்டி, தலையணையோரம் வைத்துவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் கேட்பார்.

மகள் அவர் காலடியில் உட்கார்ந்து போர்வைக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள். சின்னப் போனிலிருந்தும் அந்தச் சத்தம் வட்டமாக, கனமாக வந்தது. கட்டைவிரலின் சதை கம்பியில் படுவதுகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. எதிராளியின் ஆள்தான், இருந்தும் அப்பாவின் விரல் படுக்கை விரிப்பில் தாளம் போட்டது. நல்ல இடம் வந்தபோது சற்று அழுத்தமாகவே போட்டது. அவளுக்கு அப்பா மேல் சொல்ல முடியாத பெருமை வந்தது.

மாமாவின் பேச்சு இன்று ஒரு தினுசாகக் களைகட்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. ராத்திரி அக்கம்பக்கம் தூங்குகிறதே என்று வில்லையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் பழகினாராமே அந்த மனிதர், அடுத்தவன் தூக்கத்தை நினைத்து வாசித்த கைக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவளால் ரசிக்க முடிந்தது. அப்பா இதற்கு என்ன சொல்வார் என்று திரும்பினாள்.

விரல் நின்றிருந்தது. அடுத்த தாளத்துக்காகக் காத்திருந்தாள். அது வந்து போயிற்று. போர்வையின் மார்புப் பக்கம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். பாட்டில் அடுத்த சுற்று ஆரம்பித்தது. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகம் அறையைப் பார்த்தபடி இருந்தது. ஒரு புருவம் கொஞ்சம் தூக்கியிருந்தது.

மாமா ஜன்னலருகே போய், முதுகைக் காட்டியபடி நின்றார்.

"சொல்லுங்க அத்தான். இதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?"

மகள் போர்வைக்குள் கையை விட்டு அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது.

"யோசிக்கறாரு மாமா," என்றாள். "நீங்க மேல சொல்லுங்க."