தடவுற போன்

ஆனந்தி போனைத் தடவுவதை முதன்முதலில் பார்த்த அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. நாத்தனார் கையில் ஒரு பொருள் மினுங்கும்போது மனசு குளிர்ந்துபோகிற பொம்பளைகள் எங்காவது இருக்கலாம். எங்கள் வட்டக்கானலில் இல்லை.

ஆனந்தி என் வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் வீட்டுக்கு மேலே, படி ஏறினால் அவள் வீடு. நடுவில் ஒரு கல்சுவரும் ஒரு பட்டர் ஃப்ரூட் மரமும். நான் மூன்று ரூம் வாடகைக்கு விடுகிறேன், அவளுக்கு இரண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகளானாலும் சென்னையிலிருந்து வருகிற காலேஜ் பையன்களானாலும் என் ரூம்கள் நிறைந்த பிறகுதான் அவள் வீட்டுக்குப் போவார்கள். நான்தான் அனுப்பிவைப்பேன். "அதுவும் நம்ம வீடுதான், என் நாத்தனா வீடு, நல்லாருக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தும் சொல்வேன். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் நாங்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலிருந்தே ஒருத்தரையொருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் மிச்சத்தை அவளுக்கு அனுப்புவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஆள் வருவதற்குக் காரணம் என் நம்பர். இந்தப் பக்கம் செல்போன் வந்த புதிதிலேயே வாங்கியது. பெருமாள்மலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்ச் சுவரில் 'விஜயராணி ரூம்ஸ்' என்று பெயிண்டில் எழுதி, கீழே அந்த நம்பரைப் போட்டிருக்கிறது. ஒருமுறை தங்கிப்போன வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவர்கள் ஊரில் அடுத்து வருகிறவர்களிடம் அந்த நம்பரைச் சொல்லி அனுப்புவார்கள். போன் அடித்தால், "விஜயராணி ரூம்ஸ், சொல்லுங்க, எத்தன பேரு?" என்பேன். தமிழ் தெரியாதவர்களிடமும் அதையேதான் சொல்வேன். அவர்களும் எப்படியோ புரிந்துகொண்டு டூ, த்ரீ என்பார்கள்.

என் வீட்டுக்காரர் தனசேகர் பெருமாள்மலையில் ஜீப் ஓட்டுகிறார். பஸ்ஸை விட்டு இறங்கி ஆள் ஜீப்பில் ஏறியதும் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு மிஸ்டு கால் என்றால் ஒரு ரூம், இரண்டு என்றால் இரண்டு ரூம். நான் எடுக்கமாட்டேன். வெந்நீர் அடுப்பில் விறகைத் தள்ளிவிடுவேன். ஜீப் கோடைக்கானல் டவுனைத் தாண்டி இங்கே வந்து சேர்வதற்குள் சுடுதண்ணி கொதித்துவிடும். குளிரில் விறைத்துப்போய் வருகிறவர்களுக்கு வந்ததும் ஒரு வாளி சுடுதண்ணி கொடுத்துவிட்டால் அப்புறம் அவர்கள் வேறு வீட்டுக்கு ரூம் பார்க்கப் போகமாட்டார்கள். என் தொழிலின் சூட்சுமம் அவ்வளவுதான்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஆனந்தியின் புருஷன் சுரேந்திரன் திருப்பூரிலிருந்து லீவில் வந்தவன், அந்தத் தடவுற போனை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

"மதினி, அமுக்கவே வேண்டாம். தொட்டாப் போதும், தன்னால போயிரும். இங்க பாருங்க, எங்க ரூம் போட்டோ" என்று படியில் உட்கார்ந்தபடி காட்டினாள். பார்த்தேன். அவள் ரூம் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் என் வீட்டுக் கொடியில் காய்கிற உள்பாவாடையும் பளிச்சென்று தெரிந்தது.

"நல்லாருக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் எனக்குப் பல் கூசியது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் ரூமில் தங்கி, என் கையால் சப்பாத்தி தின்ற வெள்ளைக்காரப் பெண் சாயங்காலமானால் ஆனந்தி வீட்டுப் படிக்குப் போய்விடுவாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டி அந்தப் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். எதிர்வீட்டு சோலையம்மாள் கூட, சீட்டு விஷயம் பேச என்னிடம் வந்தவள், பேச்சு முடியும்முன்னே மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே என் வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம ஆனந்திக்கு நல்ல வெவரம்" என்றார். அவர் தட்டில் அதற்குப் பிறகு நான் குழம்பு ஊற்றவில்லை.

மறுநாளே கோடைக்கானல் டவுனுக்குப் போனேன். செல்போன் கடை வைத்திருக்கிற செல்வமுருகன் பழனிக்காரன். அதே போன் கண்ணாடிக்குள் இருந்தது. கையில் எடுத்துக் கொடுத்தான். என் விரலுக்கு அது உடனே நகரவில்லை. விறகு பிளக்கிற விரல். இரண்டாம் தடவை நகர்ந்தது.

"இது கம்பெனி லாக் பண்ண செட்டுங்கக்கா. அவங்க சிம் போட்டாத்தான் ஓடும். உங்க சிம் எடுக்காது" என்றான்.

"அப்ப என் நம்பரு?"

"நம்பர் மாறிடும். பழைய நம்பரோட கம்பெனி மாத்துற வசதி வரப்போவுதுங்கிறாங்க. எப்ப வருமோ தெரியாது. யோசிச்சுக்கங்க."

யோசிக்கத்தான் செய்தேன். போனைக் கண்ணாடிக்குள் வைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, பாத்திரம் விளக்கும்போதும் போர்வை உதறும்போதும் யோசித்தேன். நம்பர் போனால் சுவரில் எழுதியது போச்சு. ஊர் ஊராகச் சொல்லி அனுப்பியது போச்சு. அந்த நம்பர்தான் எனக்குச் சோறு போடுகிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மேலே படியில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது மட்டும் தெரியாமல் போய்விடும்.

"ஆசையா இருந்தா வாங்கு. பழைய போனும் கெடக்கட்டும். ரெண்டையும் வச்சுக்க" என்றார் வீட்டுக்காரர்.

"அவ ஒரு போனக் கையில வச்சுக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருப்பா. நான் மட்டும் ரெண்டு பொட்டியத் தூக்கிக்கிட்டு அலையணுமாக்கும்."

"ஏ புள்ள, இது என்ன பேச்சு. அப்ப நம்பர விட்டுராத. பெருமாள்மலைச் சுவத்துல எழுதிப் போட்டுருக்கு."

"அழிச்சுட்டு வேற எழுதுங்க. பெயிண்டுக்கா பஞ்சம்?"

வாய்தான் அப்படிப் பேசியது. மனசு இன்னும் நம்பரைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதை விடவைத்தது ஆனந்தியின் ஒரே ஒரு வார்த்தை. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே அவள் சோலையம்மாளிடம் சொல்வது காதில் விழுந்தது. "மதினி டவுனுக்குப் போயி விசாரிச்சாங்களாம். அவங்களுக்கு எதுக்குக்கா இதெல்லாம். பட்டன் போனுதான் அவங்க கைக்குச் சரி."

துணியைக் கூடையில் போட்டேன். கூடையைத் தரையில் போட்டேன். அடுத்த வேனில் டவுனுக்குப் போய்விட்டேன்.

செல்வமுருகன் என் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, அதிலிருந்த சிம்மை மட்டும் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். புதுப் போன், புது சிம், புது நம்பர். வரும் வழியெல்லாம் வேன் ஜன்னலில் என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

வீட்டுக்குள் நுழையாமல் நேராக ஆனந்தி வீட்டுப் படிக்குப் போனேன். அவள் முகம் மாறியதே, அதைப் பார்க்கத்தான் நான் அவ்வளவும் செய்தேன். அவளுடையது கறுப்பு. என்னுடையது அதே போன்தான், ஆனால் சிவப்பு.

"நல்லாருக்கு மதினி" என்றாள். அந்த வார்த்தைக்கு அவளுக்கும் பல் கூசியிருக்கும். கொஞ்சநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "பழைய சிம்ம என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"இந்தா கெடக்கு. இனி எனக்கு எதுக்கு?"

"தூக்கித்தானே போடப் போறீங்க. என் பழைய பட்டன் போனு சும்மா கெடக்கு. போட்டு வச்சுக்கிறேன்."

அந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கொடுக்கிற கை மேலே இருக்கும் என்கிற நினைப்பு எனக்கு. இத்தனை நாளாக மிச்ச ஆட்களை அவளுக்கு அனுப்பினேனே, அதே மிதப்பில் காகிதத்தோடு அவள் மடியில் போட்டேன். "வச்சுக்க, ஆனந்தி. பட்டன் போனு உன் கைக்குச் சரியா இருக்கும்" என்று வேறு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் புதுப் போனில் டவர் இல்லை. அடுப்படியில் இல்லை, ரூம்களில் இல்லை, வாசலில் நின்று கையைத் தூக்கினாலும் இல்லை. கம்பெனியைக் குற்றம் சொல்லி என்ன, மேட்டு வீட்டுக்கு எடுக்கிற டவர் பள்ளத்து வீட்டுக்கு எடுக்காது என்று யோசிக்கிற நிதானத்திலா நான் வாங்கினேன். ஏறி ஏறிப் பார்த்ததில் பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் இரண்டு கோடு வந்தது. ஆனந்தி வீட்டுப் பின்சுவரை ஒட்டி. அவள் அந்தப் பக்கம் நின்று தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

நாலைந்து நாள் போனது. போன் அடிக்கவில்லை. மரத்தடியில் நின்றாலும் அடிக்கவில்லை, யாருக்கும் தெரியாத நம்பர் எப்படி அடிக்கும். வீட்டுக்காரரிடம் சுவரில் நம்பர் மாற்றச் சொன்னேன். சீசன் முடியட்டும் என்றார். வருகிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள், நம்பரைத் தேடியா வரப்போகிறார்கள் என்று நானும் இருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் மேல் வீட்டில் புகை எழும்பியது. சமையல் புகையில்லை, வெந்நீர் அடுப்புப் புகை. அந்த நேரத்தில் ஆனந்திக்கு எதற்குச் சுடுதண்ணி? அவள் ரூம்கள் காலியாகத்தான் கிடந்தன. என் ரூம்களும் காலி. நான் தேத்தண்ணி டம்ளரோடு வாசலில் நின்று அந்தப் புகையையே பார்த்தேன். கொஞ்சநேரத்தில் மூட்டை முடிச்சோடு நாலு பேர் பாதையில் இறங்கி வந்தார்கள். என் வாசலைத் தாண்டினார்கள். ஒரு பையன் என்னைப் பார்த்து, "விஜயராணி?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மேலே படியிலிருந்து ஆனந்தி, "இங்க, இங்க, கம், ஹாட் வாட்டர் ரெடி" என்றாள். நாலு பேரும் படியேறிப் போய்விட்டார்கள்.

பின்னாலேயே ஜீப் சாவியைச் சுழற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். "சுடுதண்ணி போடலையா?" என்று என்னையே கேட்டார்.

"மிஸ்டு கால் வந்தாத்தானே போடுவேன்."

"ரெண்டு குடுத்தேனே."

கொடுத்திருக்கிறார். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை போனில். பேர் பார்த்து அடிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கட்டைவிரல் பழைய நம்பரைத் தானாக அடித்துவிட்டது. ஒரு மிஸ்டு காலுக்கு என்ன அர்த்தம், இரண்டுக்கு என்ன அர்த்தம் என்று ஆனந்திக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இத்தனை வருஷமாக மேலே இருந்து என் அடுப்பைப் பார்த்தவள்தானே.

"அந்தப் பையனும் வழியில போன் போட்டுப் பேசிட்டான். மேல வீட்டுக்கு வரச் சொல்லிட்டாங்களாம்" என்றார். அப்புறம், "தங்கச்சி வீடுதானே. வேத்தாளா?" என்றார்.

"உங்களுக்குத் தங்கச்சி."

"சிம்ம நீதானே குடுத்த."

நான்தான் கொடுத்தேன். திருப்பிக் கேட்கவேண்டும். மேலே படியேறிப் போய், அவள் காலடியில் நின்று, ஆனந்தி, என் சிம்மைக் கொடு என்று கேட்கவேண்டும். அவள் "தூக்கிப் போட்டதுதானே மதினி" என்று கேட்டால் என் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது? நேரில் கேட்க எனக்கு உடம்பு வளையாது. போனில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. என் புது நம்பரை அவளுக்கு நான் கொடுக்கவும் இல்லை. வேண்டுமானால் வந்து கேட்கட்டும் என்றுதான் இருந்தேன். யார் என்று தெரியாமல் எடுப்பாள். எடுத்ததும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம்.

மறுநாள் காலை மரத்தடிக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆனந்தி விறகு உடைக்கிற சத்தம் கேட்டது. என் பழைய நம்பரை என் புதுப் போனில் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டேன். அந்த நம்பரை நான் கூப்பிட்டதே இல்லை. அந்தப் பக்கம் மணி அடித்தது. கோடாலியைப் போடுகிற சத்தம் கேட்டது.

"விஜயராணி ரூம்ஸ், சொல்லுங்க, எத்தன பேரு?"

போனிலும் கேட்டது, சுவர் தாண்டியும் கேட்டது. என் வார்த்தை. என் இழுவை. 'சொல்லுங்க'வுக்கு அப்புறம் நான் விடுகிற மூச்சு கூட அப்படியே இருந்தது. திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. குரலை மாற்றி, டவுன் பொம்பளை மாதிரி மெல்லக் கேட்டேன். "விஜயராணி மேடமா பேசறது?"

"ஆமாங்க, விஜயராணிதான்" என்றாள். கொஞ்சம்கூட இடறாமல் சொன்னாள்.

"ரூம் வேணும்."

"இருக்குங்க. எத்தன பேரு?"

"ஒருத்திதான்."

"வெரசா வாங்க. சுடுதண்ணி போட்டு வைக்கிறேன். ஒங்க பேரு என்னங்க?"

என் பேரை அவள் வைத்திருந்தாள். வேறு பேர் எதுவும் என் வாயில் வரவில்லை.

"ஆனந்தி" என்றேன், என் சொந்தக் குரலில்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. காசு மட்டும் என் போனிலிருந்து போய்க்கொண்டிருந்தது.