மூன்றாவது என்ஜின்

ஸ்டார்ட் ஆகாமல் போகட்டும். ஏதாவது ஒரு போல்ட் விட்டுப்போயிருக்கட்டும், பெட்ரோல் குழாயில் தூசி அடைத்திருக்கட்டும். இன்றைக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் போகட்டும்.

இளஞ்செழியன் கட்டைவிரலால் சுவிட்சை அழுத்தினார். இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாம் தடவை என்ஜின் பிடித்துக்கொண்டது. மனதுக்குள் வேண்டிக்கொண்டு நின்ற தமிழ்செல்விக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். மெட்ரோ ஸ்டேஷனுக்கும் காய்கறிச் சந்தைக்கும் அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த அவளுடைய ஸ்கூட்டரின் சத்தம். டெல்லியில் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியை ஓட்டக்கூடாது என்பதால் ஓரமாக நின்றிருந்தது. "கபாடிக்காரன்ட்ட பழைய இரும்பா போறதுக்கு நம்ம புள்ளைக்கே ஆகட்டுமே செல்வி" என்று கணவர் கேட்டபோது சாவியை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். இப்போது அந்த என்ஜின், மயூர் விஹார் குடியிருப்பின் பார்க்கிங்கில், நான்கு சக்கரம் வைத்த ஒரு குழாய்க்கூண்டின் பின்னால் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடி மகாதேவன் காபி டம்ளரோடு பால்கனியில் நின்றார். "என்ன சார், ரேஸா? டிக்கெட் உண்டா, ஓசியா?"

"உங்களுக்கு மட்டும் டபுள் ரேட் சார்!"

இளஞ்செழியன் சிரித்தார். சிரித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

மகன் அனிருத் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், சத்தர்பூர் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த இந்த கோ-கார்ட்டை அவர் வாங்கி வந்தார். மண்ணிலும் மேட்டிலும் ஓட்டுகிற வகை. இருந்த என்ஜின் செத்துப்போயிருந்தது. அப்பாவும் பிள்ளையுமாக ஒரு பைக் என்ஜினைத் தேடிப் பிடித்து ஏற்றினார்கள். வண்டி தாங்குவதைவிடப் பெரிய என்ஜின். சீட் பெல்ட் இன்னும் வந்துசேரவில்லை. "ஒரு ரவுண்டுதானே, பெல்ட்ட அடுத்த வாரம் மாட்டிக்கலாம்" என்றார். யமுனைக் கரையின் மணல்மேட்டில் அனிருத் வண்டியை ஏற்றியதை அவள் போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினோரு வினாடி. பத்தாவது வினாடி வரை அவள் சிரிப்பதுதான் கேட்கும். அதை அவள் அழிக்கவும் இல்லை, திறந்து பார்க்கவும் இல்லை.

அனிருத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. அதைப் பற்றி இளஞ்செழியன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பைக் என்ஜினைக் கழற்றிய அன்று மட்டும் சாப்பிடாமல் படுத்தார். மறுநாளிலிருந்து காகிதத்தில் படம் வரைய ஆரம்பித்தார். "கியர் கிடையாது. காலுக்கு வேலையே கிடையாது. ஆக்சிலரேட்டர், பிரேக் எல்லாம் கையில" என்று டாக்டரிடம் சொன்னார், வாட்ச்மேனிடம் சொன்னார், அயர்ன்காரனிடமும் சொன்னார். இந்தத் தடவை பெல்ட் ஒன்றல்ல, நான்கு. ஸ்கூட்டரின் பின்சக்கரம் இருந்த இடத்தில் பல்சக்கரம் வைத்து, செயின் நேராக ஓடுவதற்காக மூன்று முறை வெல்டிங்கை உடைத்து மறுபடி ஒட்டினார். மனுஷனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று தமிழ்செல்வி விட்டுவிட்டாள். அந்த வேலை ஒருநாள் முடியும் என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

காலையில் ஷூ மாட்டிவிடும்போது அனிருத் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "பின்னாடி கிரவுண்ட்ல ஒரு சக்கர் சுத்திட்டு வந்துடலாம்மா. அப்பா பேச்சாரா... பாவம்மா."

"உனக்கு?"

"எனக்கென்ன. நீ லேஸ டைட்டா கட்டு."

கட்டினாள். இறுக்கினால் அவனுக்குத் தெரியப்போவதில்லை என்ற நினைப்பு வந்தது. கொஞ்சம் தளர்த்தியே கட்டினாள்.

சக்கர நாற்காலி இப்போது வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. என்ஜின் சத்தம் ஏறும்போதெல்லாம் அனிருத்தின் விரல்கள் நாற்காலிச் சக்கரத்தைப் போய்ப் பிடிப்பதை அவள் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அப்பா பார்க்கும்போது பெரிதாகவும், திரும்பியதும் சின்னதாகவும் ஆகிற சிரிப்பு.

"சலோ ஹீரோ" என்று இளஞ்செழியன் பின்னால் போய் அவன் அக்குள்களுக்குள் கைகொடுத்து மார்போடு பூட்டிக்கொண்டார். தினமும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இப்படித்தான். அவர் தோள் பக்கம், அவள் கால் பக்கம். முதுகுவலிக்காரர், தனியாகத் தூக்க முடியாது.

"செல்வி, காலப் புடி. ஒண்ணு... ரெண்டு..."

அவள் குனியவில்லை.

"செல்வி?"

"நான் புடிக்கலைங்க."

சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. "என்னது? ஜல்தி, கை வலிக்குது."

"புடிக்கலைங்க" என்றாள், அதே குரலில். கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தான். "பாபிஜி, மை பகட் லூ?" என்று கால் பக்கம் கையை நீட்டினான். வேண்டாம் என்று அவள் கையை மட்டும் உயர்த்தினாள். "ரெஹ்னே தோ பையா." அவன் நின்றுவிட்டான்.

அனிருத் யாரையும் பார்க்கவில்லை. அவன் தலை மெதுவாகப் பின்னால் சாய்ந்து அப்பாவின் கழுத்தடியில் படிந்தது. தூக்கவும் முடியாமல் விடவும் தெரியாமல் இளஞ்செழியன் அப்படியே குனிந்து நின்றார். கிரீஸ் படிந்த அவர் விரல்கள் மகனின் வெள்ளைச் சட்டைமேல் ஒன்றையொன்று கோர்த்திருந்தன.