குழாயை மூடிய யானை

தொண்டாமுத்தூர் பாலுசாமியின் தோப்புக்குள் ஒரு விடியற்காலையில் புகுந்த காட்டு யானை, துதிக்கையால் குழாயைத் திறந்து, தொட்டித் தண்ணீரை வயிறு முட்டக் குடித்து, கிளம்பும்போது குழாயை மூடிவிட்டுப் போனது. ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றும், போகிற போக்கில் தன் வீட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது என்றும் பாலுசாமி சொன்னார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த இரண்டு கால் பிராணிகளே இதுவரை மூடியறியாத குழாய் அது.

பாலுசாமி எதையும் சாதாரண அளவில் சொல்லிப் பழகாதவர். அவர் தோப்பில் தேங்காய் விழுந்தால் மருதமலையில் சத்தம் கேட்கும். அவர் வீட்டுப் பூசணியை அறுக்க மர மில்லுக்குத்தான் போக வேண்டும். மாலையில் பேக்கரிக்கு வந்து அவர் உட்கார்ந்துவிட்டால், டீ மாஸ்டர் பாலைப் பொங்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். யானைக் கதையை ஒருவரும் நம்பவில்லை, எல்லோரும் ரசித்தார்கள். அவருடைய தங்கை மகள் லோகப்பிரியா அதைப் படமாக எடுக்கும்வரை அப்படித்தான் இருந்தது.

லோகப்பிரியா சிங்காநல்லூரில் இருந்துகொண்டு கல்லூரியில் விஸ்காம் படிக்கிறாள். பார்ப்பவர் மனத்தை மாற்றுகிற மாதிரி ஒரு சின்னப் படம் எடுக்கச் சொன்னார்கள். 'கேட்டதையெல்லாம் நம்பாதீர்கள், விசாரித்துப் பாருங்கள்' என்பது அவள் எடுத்துக்கொண்ட கருத்து. அளந்துவிடும் ஆளைத் தேடி அவள் எங்கே அலைவாள்? மாமனையே தென்னை மரத்தடியில் நிறுத்தி யானைக் கதையைச் சொல்ல வைத்தாள். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் பின்னணியில் ஒரு 'டொய்ங்' சேர்த்தாள். கல்லூரி விழாவில் அதற்கு முதல் பரிசு. அங்கிருந்து படம் செல்போனுக்குச் செல்போன் தாவி, பேரூரைக் கடந்து, யானையைவிட வேகமாகத் தொண்டாமுத்தூருக்கு வந்து சேர்ந்தது.

"ஏனுங்க பாலுசாமியண்ணா, யானை டீ கிளாஸையும் கழுவி வெச்சுட்டுப் போகுமுங்களா?" என்று பேக்கரியில் ஒருவன் கேட்டான். இன்னொருவன் வாயாலேயே 'டொய்ங்' போட்டான். டீ மாஸ்டரும் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து பாலுசாமி அந்தப் பக்கம் வரவில்லை.

"அண்ணன் ஊட்டை உட்டே வாரதில்லையாமா," என்றாள் லோகப்பிரியாவின் அம்மா சாந்தாமணி. "அண்ணி ரெண்டு வார்த்தை பேசுனா ஒரு தலையாட்டல்தானாமா. அவ்வளவு பேசுற மனுசன்." சொல்லிவிட்டு ஒரு வாழைத்தாரைக் காட்டினாள். பரிசு வாங்கியதற்காக மாமன் அனுப்பியது. கூடவே ஒரு வார்த்தையும் வந்திருந்தது: அம்மணி நல்லா எடுத்திருக்குது.

லோகப்பிரியாவால் ஒரு பழத்தைக்கூட உரிக்க முடியவில்லை. தார் பழுத்துக் கறுத்து வீடெல்லாம் மணத்தது. சிங்காநல்லூரே தன்னை மோந்து பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது. படம் எடுத்த அன்று, "மோட்டார் ரூம் கேமராவுல எல்லாம் இருக்குது கண்ணு, பாத்துக்க," என்று மாமன் ஒரு பென் டிரைவைக் கொடுத்திருந்தார். அவள் திறக்கவே இல்லை. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் பார்த்துப் பயனில்லை. ஏதாவது இருந்துவிட்டால் படம் செத்தது. அதனால்தான் திறக்கவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அடுத்த வாரம் ஃபர்சானா மேடம் வகுப்பில் பரிசு வாங்கிய படத்தை அலசினார்கள். மேடத்தின் வழக்கம் ஒன்று உண்டு. முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும்.

"சத்தமில்லாமப் பாத்தா இவரு கோமாளியாவே தெரியல," என்றான் சுஃப்யான். உக்கடத்துக்காரன், பிரியாணியில் ஏலக்காய் கிடந்தால்கூட அது எதற்கு அங்கே வந்தது என்று கேட்பவன். "அந்த டொய்ங்தான் நம்மளைச் சிரிக்க வெச்சுது. அப்புறம் அவரு கையைப் பாருங்க. மேல எதையோ காட்டிட்டே இருக்காரு. அங்க என்ன லோகா?"

"மோட்டார் ரூம்."

"அதுல?"

"கேமரா."

"கேமராவுல என்ன இருந்துது?"

"பாக்கல."

"விசாரிச்சுப் பாருங்கன்னு ஊருக்கே சொன்னவ நீதான?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் யாராவது ஒரு 'டொய்ங்' போட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பையில் கிடந்த பென் டிரைவை எடுத்து அவளே செருகினாள்.

திரையில் சாம்பல் வெளிச்சம். யானை வந்தது. குழாயின் நீண்ட கைப்பிடியைத் துதிக்கையால் இழுத்தது; குடித்தது; போய்விட்டது. தொட்டி வழிந்துகொண்டே இருந்தது. வகுப்பு பெருமூச்சு விட்டது. அப்போது ஓரத்திலிருந்து முதலில் ஒரு பின்பக்கம் தெரிந்தது. யானை பின்னோக்கியே நடந்து வந்து, திரும்பி, கைப்பிடியை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனது.

அன்று மாலையே லோகப்பிரியா காந்திபுரத்தில் பஸ் மாறித் தொண்டாமுத்தூர் போனாள். பாலுசாமி மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார்.

"கேமராவுல இருந்ததை இன்னைக்குத்தானுங்க மாமா பாத்தேன்."

"அப்போ, பாக்காமயே எடுத்துப்போட்டியா கண்ணு?"

யானை மிதித்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது. "ஆமாங்க மாமா. பேக்கரிக்கு வாங்க. நீங்க பேச வேண்டாமுங்க, நான் பேசுறேன்."

பேக்கரியில் அவர்கள் நுழைந்ததும் எங்கிருந்தோ ஒரு 'டொய்ங்' வந்தது. லோகப்பிரியா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் படம் எடுத்தது நானுங்க. கேமராவுல இருந்ததைப் பாக்காமயே எடுத்தேன். தப்பு என்னுதுங்க. யானை கும்பிடெல்லாம் போடலீங்க. குழாயும் ஒழுகிட்டுத்தான் இருந்துதுங்க."

பாலுசாமி லேசாக நெளிந்தார். டீ மாஸ்டரின் பால் பொங்கி வழிந்தது.

"ஆனா போன யானை திரும்பி வந்து மூடுச்சுங்க. என் கண்ணால பாத்தேன். எங்க மாமன் சொன்னது நடந்துதுங்க."