சாய்ந்து நிற்கும் ஏழு

அத்தியா பிக்கப் வண்டியின் பின்கதவைத் தட்டித் திறந்து, மேலே கிடந்த சாக்கை உருவினான். உள்ளே கிடந்ததைப் பார்த்ததும் ரஹூமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடா இது? கழுதைக்கு ஒட்டகக் கால மாட்டிக் கொண்டாந்திருக்க?"

"சும்மா பாத்துச் சொல்லு மச்சான். பி.எஸ்.ஏ. வண்டின்னு உன் வாயால ஒரு வார்த்த வந்தாப் போதும், கெய்ரோக்காரன் இன்னிக்கே தூக்கிட்டுப் போயிருவான்."

"பி.எஸ்.ஏ.வப் பெத்தவளே வந்தாலும் இதத் தன் புள்ளன்னு ஒத்துக்க மாட்டா. எறக்கு, எறக்கு."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். என்ஜின் இல்லாத வெறும் சேஸிஸ். முன்சக்கரம் ஒரு வண்டியுடையது, பின்சக்கரம் வேறொன்றுடையது. மேலே புதுப் பச்சைப் பெயின்ட், அதுவும் சுவருக்கு அடிக்கிற பெயின்ட்.

கடலோர அல்-ஹம்மாம் ஊரில் யார் மணலைத் தோண்டி, உலகப்போரில் வெள்ளைக்காரன் விட்டுப்போன மிலிட்டரி மோட்டார் சைக்கிள் எடுத்தாலும் அது ரஹூமாவின் பட்டறைக்குத்தான் வரும். என்ன வண்டி, எந்த வருஷம், எந்தப் பாகம் சொந்தம், எது ஒட்டுப்போட்டது என்று அவன் சொல்ல வேண்டும். அவன் சொல்லாமல் வாங்க வருகிறவன் கைநீட்ட மாட்டான். அத்தியா அவன் பெண்டாட்டியின் தம்பிதான், ஆனாலும் அவனுக்கும் அதே வழி. ஒன்றை மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை: எங்கே எடுத்தாய்? கண்ணிவெடி கிடக்கிற, ராணுவம் கம்பி போட்டு அடைத்த நிலம் அது. கண்டெடுத்தவனுக்கே அந்த இடம் சொந்தம். கேட்டால் திருடப் பார்க்கிறாய் என்று அர்த்தம்.

ரஹூமா குந்தி உட்கார்ந்தான். முன் ஃபோர்க்கைத் தடவினான். கால்மிதியைத் திருப்பிப் பார்த்தான்.

"கால்மிதில ரப்பர் இருக்கு பாரு. அப்புறம் சண்ட முத்தி ரப்பருக்குப் பஞ்சம் வந்து வெறும் இரும்பப் போட்டு அனுப்புனாங்க. இது அதுக்கு முந்தி வந்தது. கேரியர்ல பை மாட்டுற கம்பி சொந்தம். சக்கரம் ரெண்டும் நீ மாட்டுனது."

"என்ன வண்டி, அதச் சொல்லு."

"நார்ட்டன்டா, மடையா. அதிர்ஷ்டக்காரன் நீ. அந்த உப்புத்தாள எடு, நம்பரப் பாப்போம்."

அத்தியா உற்சாகமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்பிலிருந்த டீயைச் சின்ன கிளாஸ்களில் உயரத் தூக்கி ஊற்றினான். சீட்டு உட்காரும் முடிச்சுக்குப் பக்கத்தில் ரஹூமா மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தான். பச்சை போனது. அதன் கீழே மணல் நிறம். அதையும் தேய்த்தான். எழுத்து தெரிந்தது. டபிள்யூ. நாலு. ஆறு. ஒன்று. ஏழு.

கடைசியில் இன்னொரு ஏழு. அது மட்டும் இடதுபக்கம் சாய்ந்து, ரெண்டு தடவை அடித்த தழும்போடு.

ரஹூமா தேய்ப்பதை நிறுத்தவில்லை. துலங்கிப்போன இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

"சர்க்கர போதுமா மச்சான்?"

அவன் காதில் விழவில்லை. எழுந்து பட்டறையின் பின்மூலைக்குப் போனான். பழைய கம்பளியை விலக்கினான். நாலு வருஷமாக விற்காமல் வைத்திருந்த என்ஜின். அவன் தம்பி மிஃப்தாஹ் கொண்டுவந்தது. "இதோட சேஸிஸ் இன்னும் மணல்ல கெடக்குண்ணே, போல்ட்டு வரலன்னு அறுத்து எடுத்தேன். அதையும் கொண்டாறேன், ரெண்டையும் சேத்து விப்போம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அத்தியாவின் வண்டியில் ஏறிப் போனவன். அத்தியா மட்டும்தான் திரும்பி வந்தான். சேஸிஸ் அகப்படவில்லை, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கம் என்று மிஃப்தாஹ் எல்லையோர ஸல்லூமில் இறங்கி லிபியாவுக்குப் போய்விட்டான் என்றான். நம்பினார்கள். அந்தக் கரையில் அப்படிப் போகாதவன் யார்? மிஃப்தாஹின் பெண்டாட்டி ஜாஸியா, லிபியாவின் பெங்காசியிலிருந்து வேன் வந்ததென்று கேட்டால் இன்றைக்கும் ஓடிப்போய் விசாரிக்கிறாள்.

ரஹூமா என்ஜினின் பக்கவாட்டை விரலால் தடவினான். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கடைசி ஏழு இடதுபக்கம் சாய்ந்திருந்தது.

என்ஜினை மாரோடு அணைத்துத் தூக்கிவந்து சேஸிஸுக்குள் இறக்கினான்.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"இத எங்க எடுத்த?"

அத்தியா சிரித்தான். "நீயா கேக்குற? மணல்லதான்."

"எந்த மணல்?"

"ஸீவா ரோட்டுப் பக்கம். ஏன்?"

"ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்குடா."

"அதெப்படி ஒண்ணா இருக்கும்? என்ஜின் நம்பர் வேற, சேஸிஸ் நம்பர் வேற, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் கெடையாதுன்னு நீதான சொல்லுவ?"

"அது பி.எஸ்.ஏ.வுக்கு." ரஹூமாவின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "நீ ஆயுசு பூரா தோண்டுனது பி.எஸ்.ஏ. நார்ட்டன்காரன் ரெண்டுலயும் ஒரே நம்பர அடிச்சு அனுப்புவான். ஒரே ஆளு, ஒரே சுத்தியல்."

அத்தியாவின் கையில் இருந்த டீ கிளாஸ் சாய்ந்து, சூடான டீ விரலில் வழிந்தது. அவன் உதறவில்லை.

"வேற எதாவது... ஒரே மாதிரி நம்பர்..."

ரஹூமா அடிப்பக்கம் காட்டினான். சேஸிஸில் பாதியோடு நின்ற அறுந்த போல்ட்டு. என்ஜினில் மிச்சப் பாதி. ரெண்டையும் ஒட்டவைத்தான். மிஃப்தாஹ் ஆக்ஸா பிளேடால் கோணலாக அறுத்த வெட்டு, ஈறும் பல்லும் போலப் பொருந்தியது.

"என் தம்பி எங்க?"

அத்தியா அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"வெடிச்சிருச்சு மச்சான். நான் கம்பிக்கு வெளிய வண்டிகிட்ட நின்னேன். அவன் மட்டுந்தான் உள்ள போனான். எடம் தெரியும், ஒரு தடவ போயிட்டு வந்த தடம்தானன்னான்."

"உடனே போயிட்டானா?"

அத்தியா கிளாஸைத் தரையில் வைத்தான்.

"கேக்குறேன்ல? உடனே உசுரு போயிருச்சா?"

"கூப்பிட்டான். அத்தியா, அத்தியான்னு. வல்லாஹி, அல்லா மேல ஆணையா, ஒரு அடி வச்சிருந்தா நானும் போயிருப்பேன் மச்சான். கூட்டிட்டுப் போனவன்தான் ரத்தத்துக்குப் பதில் சொல்லணும்பாங்க. எங்க குடும்பத்தையே இழுப்பீங்க. பயந்துட்டேன்."

"இந்தச் சேஸிஸ எப்படி எடுத்த?"

"போன மாசம் காத்துல மணல் வெலகியிருந்துச்சு. கொக்கிய வீசி..." அத்தியா நிறுத்தினான்.

"கொக்கிய வீசி?"

"கயித்துல கட்டி வண்டிய வச்சு இழுத்தேன்."

ரஹூமா பிக்கப்பைத் திரும்பிப் பார்த்தான். பின்பக்கம் கப்பல் கயிறு ஒரு சுருள் கிடந்தது. பழசு. கிரீஸ் பிடித்துக் கறுத்துப்போன கயிறு. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அன்னிக்கும் இது வண்டியில இருந்துச்சா?"

அத்தியா முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தான்.

"சொல்லுடா."

"இருந்துச்சு."

அடுப்பில் டீ கொதித்துப் பொங்கி நெருப்பில் விழுந்து சீறியது. யாரும் அணைக்கவில்லை. ரஹூமாவின் கைக்கெட்டும் தூரத்தில் சுத்தியல் கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை. இரும்புக்கு வீசிய கயிறு, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவனுக்கு வீசப்படவில்லை. அது மட்டும்தான் மண்டைக்குள் போய்ப்போய் இடித்தது. இந்த நாலு வருஷத்தில் எத்தனை தடவை இவன் இதே இடத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான், மிஃப்தாஹின் பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறான்.

தானும்தான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கே தோண்டினீர்கள் என்று.

"எந்திரி," என்றான். "வண்டிய எடு. எடத்தக் காட்டு."

"மச்சான், அங்க இன்னும் வெடி இருக்கு."

"தெரியும். கயித்த எடுத்து முன்னாடி வை."

அப்போதுதான் வீட்டுப்பக்கக் கதவு திறந்தது. ஜாஸியா சுடச்சுட ரொட்டித் தட்டோடு வந்தாள். வாசலிலேயே நின்றாள். நாலு வருஷம் கம்பளிக்குள் கிடந்த என்ஜின் சேஸிஸில் ஏறி உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். அத்தியாவின் அழுத முகத்தைப் பார்த்தாள். பிக்கப்பின் முன்சீட்டை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"சேஸிஸ் கெடச்சிருச்சா? அப்ப அவரு வந்துட்டாரா, பெரியத்தான்?"

ரஹூமா கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தான்.

"எங்க எறங்கியிருக்காரு? நீங்க கூட்டிட்டு வரப் போறீங்களா?"

"ஆமா தாயி. கூட்டிட்டு வரத்தான் போறோம்."

"இருங்க, இருங்க. அவரு துணியெல்லாம் தொவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு எடுத்துத் தரட்டா?"

ரஹூமா அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தான்.

"வெள்ளத் துணியாப் பாத்து எடுத்துட்டு வாம்மா," என்றான். "தைக்காத துணியா."