தாமே அருவியில் யாங்ஜியின் பூட்ஸ்

1

அன்று காலை அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். பூஜை செய்த லாமா சுல்ட்ரிம். காட்மாண்டுவிலிருந்து வந்த தேர்வாளர் ரின்ஜி. மலை வழிகாட்டித் தேர்வு எழுத வந்த— (இதை யாரும் எழுதுவதில்லை, ஏறுவார்கள், அடித்துவிடுகிறேன்) தேர்வுக்கு வந்த யாங்ஜி. அவளோடு ஒரே கயிற்றில் ஏறவிருந்த குஷாங். ஐந்தாவது ஆள், யாங்ஜியின் அப்பா கியால்ஜென்.

ஐந்தாவது ஆள் நான்தான். வழிகாட்டிகள் சங்கம் என்னிடம் கேட்டது அரைப் பக்கச் சாட்சிக் கடிதம். நான்கு நாளாக எழுதுகிறேன். 'நான்' என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியமும் என்னைக் காப்பாற்றவே பார்க்கிறது. ஆகவே இனி 'அவர்'. கடிதம் கதையாகிவிட்டது. இருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: "தாமே கிராமத்துக்கு மேலே, தை மாத வெயிலில், உறைந்த அருவி—" வேண்டாம். அருவியின் அழகுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: "கியால்ஜென் மானமுள்ள மனிதர்." உண்மைதான். ஆனால் அதை அவரே எழுதக்கூடாது.

பூட்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

நாம்சே ஊர்க் கடையில் பூட்ஸ் எடுக்க யாங்ஜிக்கு ஒரு மத்தியானம் முழுவதும் பிடித்தது. நடந்து கால் வீங்கிய பிறகுதான் போட்டுப் பார்த்தாள், தடித்த கம்பளிக் காலுறையோடு. கடைவாசல் கல்லை இருபது தடவை உதைத்தாள். விரல் முன்னால் முட்டவில்லை. படி விளிம்பில் நுனிக்காலில் நின்றாள். குதிகால் உள்ளே எழும்பவில்லை. அடித்தட்டை இரு கையாலும் வளைத்தாள். வளையவில்லை. பனியில் குத்தி நிற்பதற்காக அடியில் மாட்டும் இரும்பு முள்சட்டத்தை முன்னும் பின்னும் கவ்வவைத்து உதறினாள். ஆடவில்லை.

[கதைக்கு இவ்வளவு விவரம் எதற்கு என்பீர்கள். கடிதத்துக்கு வேண்டும். சரியான பூட்ஸை எடுப்பதும் தேர்வில் ஒரு பகுதி.]

வீட்டில் கியால்ஜென் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசு மாதிரி இல்லையே?"

"ஒரு இத்தாலிக்காரர் ஒரு சீசன் போட்டதுப்பா. எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

"அடுத்தவன் கழட்டிப் போட்டதா? நம்ம வீட்டுல யாரும் அப்படிப் போட்டதில்ல."

"உங்க மானம் என் கால்லயா இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை.

3

அவருடைய பூட்ஸ் வேறு மாதிரி. முப்பது வருடத்துக்கு முன்னால், ஒரு வெளிநாட்டு மலையேற்றக் குழு தன் தலைமை ஷெர்பாவுக்கென்று பெட்டி பிரிக்காமல் கொடுத்தது. மஞ்சள் பிளாஸ்டிக் ஓடு, உள்ளே கம்பளிச் செருகு. அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் சோமோலுங்மாவின், அதாவது எவரெஸ்ட்டின், உச்சியில் நின்றார். பிறகு அது கண்ணாடி அலமாரிக்குள் போனது. வருடம் ஒரு முறை துடைப்பார். பார்க்க அன்றும் புதிது.

ஏறுகிறவர்களின் கோடரி, கயிறு, பூட்ஸ் எல்லாவற்றையும் பூஜை மேடையின் அடியில் குவித்து வைப்போம். லாமா மந்திரம் சொல்லி அரிசி தூவி, வெண்ணெய் தடவுவார். அந்தக் குவியலில் வைக்காத பொருளோடு எங்கள் ஆட்கள் யாரும் பனியில் ஏறமாட்டார்கள். ஒருவன் ஏறினால் அவனோடு மற்றவன் கயிறு கட்டமாட்டான்.

அன்று காலை யாங்ஜி வெந்நீர்க் குடுவையை நிரப்பப் போன நேரத்தில் கியால்ஜென் குவியலிலிருந்து—

(இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். தேநீர் குடித்தேன். திரும்பி வந்தேன்.)

—குவியலிலிருந்து அவளுடைய பூட்ஸை எடுத்துத் தன் சாக்கில் போட்டார். அந்த இடத்தில், அலமாரியிலிருந்து கொண்டுவந்திருந்த தன்னுடையதை வைத்தார்.

பூஜை முடிந்து, லாமா மடத்துக்கு இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவள் கவனித்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பா, என் பூட்ஸ் எங்க?"

"அதோ, வெண்ணெய் தடவி இருக்கே."

"இது பழைய பிளாஸ்டிக்ப்பா. வெளிய பளபளன்னு இருக்கும், உள்ளுக்குள்ள செத்துப் போயிருக்கும். குளிர்ல உதைச்சா நொறுங்கிடும்."

"இதைப் போட்டுட்டு நான் எங்க நின்னேன்னு ஊருக்கே தெரியும்."

"அப்ப உங்களுக்கு முப்பத்தெட்டு வயசு. இப்ப ஏறுவீங்களா?"

குஷாங் குறுக்கே வந்தான். "மாமா, முப்பது வருஷம் ஆன யாக் மாட்டு மேல நீங்க மூட்டை ஏத்துவீங்களா? ஆனா அக்கா, பூஜையில வைக்காததைப் போட்டுட்டு வந்தா என்னால கயிறு பிடிக்க முடியாது. எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள சேக்கமாட்டா."

கீழே அருவியடியிலிருந்து ரின்ஜி கூப்பிட்டார். "யாங்ஜி! முதல்ல நீ!"

அவள் அப்பாவை ஒரு கணம் பார்த்தாள். இரண்டாவது காலுறையைப் போட்டுக்கொண்டாள். பூட்ஸ் அவளுக்கு ஒரு அளவு பெரிது.

4

நாற்பது அடி உயரம்வரை சொல்ல ஒன்றுமில்லை. கோடரியைக் கொத்தினாள், உதைத்தாள், எழுந்தாள். கீழே குஷாங் கயிறு பிடித்திருந்தான்.

பிறகு ஒரு சத்தம். பனி விரிசல் விட்டால் மணி அடித்தது போலக் கேட்கும். இது காய்ந்த சுரைக்குடுக்கை உடைந்த சத்தம். கியால்ஜெனின் காலடியில் மஞ்சள் சில்லுகள் வந்து விழுந்தன.

வலது பூட்ஸின் முன்பக்கம் இல்லை. முள்சட்டம் வாரில் தொங்கியது. அவளைத் தாங்கியவை இரண்டு கோடரிகளும் இடது பூட்ஸும்தான். அந்த இடது பூட்ஸுக்கும் அதே வயது. பனிக்குள் திருகிக் கயிறு மாட்டிய கடைசித் திருகாணி பத்தடி கீழே இருந்தது. விழுந்தால் இருபது அடி. நடுவில் பாறைத் திட்டு.

"குஷாங்! இழுக்காத! திருகு போடறேன்!"

"போடுக்கா, போடு. நான் எங்கயும் போகல. கல்யாணம் கூட ஆகல எனக்கு."

திருகாணி போட ஒரு கையைக் கோடரியிலிருந்து எடுத்தாக வேண்டும். எடுத்தாள். கியால்ஜென் ஒவ்வொரு சுற்றையும் எண்ணினார். ஏழாவது சுற்றில் அவள் கை நின்றது. எட்டு. ஒன்பது. பதினொன்றாவது சுற்றில் இடது பூட்ஸின் ஓடு பிளந்தது. அவள் ஒற்றைக் கோடரியில் தொங்கியபடி கயிற்றை மாட்டினாள்.

குஷாங் அவளை அங்குலம் அங்குலமாக இறக்கினான்.

5

ரின்ஜி உடைந்த ஓட்டைக் கையில் எடுத்தார்.

"இதை யாரும்மா தேர்ந்தெடுத்தது?"

"நான்தான் சார்."

அவர் குறித்துக்கொண்டார். பூட்ஸைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவர் மூன்று வருடம் மறுபடி தேர்வுக்கு வர முடியாது. குஷாங் கியால்ஜெனைப் பார்த்தான். கியால்ஜென் மலையைப் பார்த்தார்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவர் அங்கேயே சாக்கை அவிழ்த்து உண்மையைச் சொல்கிறார். நன்றாக வந்தது. ஆனால் நடக்கவில்லை.

இரண்டாவதில் வீட்டுக்குப் போகும் வழியில் மகள் கத்துகிறாள், அவர் அழுகிறார். அதுவும் இல்லை. வழி முழுவதும் அவள் பேசியது ஒரே வாக்கியம்: "பாத்து வாங்கப்பா, வழுக்குது."

மூன்றாவதில் சங்கம் அவளுக்கு மறுதேர்வு கொடுக்கிறது, அல்லது மறுக்கிறது. அதை எழுத எனக்கு உரிமையில்லை. இதை இப்போது படித்துக்கொண்டிருக்கும் சங்கத்தாராகிய உங்களுக்குத்தான் உண்டு. எழுதுங்கள்.

ஒன்று மட்டும். அப்பாவின் பேருக்கு ஆசைப்பட்டு யாங்ஜியே அந்தப் பழைய பூட்ஸைத் தேர்ந்தெடுத்தாள் என்று நாம்சே சனிக்கிழமைச் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மாற்றி வைத்தவன் நான்.